சனிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் பாடுகிறார்

போன வாரம் படாரென்று சாத்தப்பட்ட மகளின் அறைக் கதவு, இந்தச் சனிக்கிழமை காலை வரை அம்மாவுக்காக ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். அப்பாவோடு பேசினாள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதையும் அப்பா வழியாகவே சொன்னாள்.

"அப்பா, வாஷிங் மெஷின்ல என் துணி இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க, எடுத்துக் காயப்போட்டாச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க."

நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர், "எனக்கு இந்த வேலைக்குத் தனியா சம்பளம் உண்டா?" என்று கேட்டுப் பார்த்தார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

சண்டை ஒரு கப்பலைப் பற்றியது. மகள் பேக்கரியில் கேக் செய்பவள். பயணிகள் கப்பல் ஒன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். அம்மா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டாள். "கடல்ல போய்த்தான் கேக் சுடணுமா? தரையில அடுப்பே இல்லையா?"

மகள் கதவைச் சாத்துவதற்கு முன்னால் சொன்ன வார்த்தைதான் இன்னும் சுருக் சுருக்கென்று குத்திக்கொண்டிருந்தது. "ஊர்ல ஓடற டாக்ஸிக்கெல்லாம் நீதான் வழி சொல்றே. என்னை மட்டும் ஒரு அடி நகர விடமாட்டே."

உண்மைதான். அவள் வேலையே வழி சொல்வது. டாக்ஸி கம்பெனி மாடியில் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க ஊர் வரைபடம். மேஜையில் போனும் வயர்லெஸ் மைக்கும். வாடிக்கையாளர் கூப்பிட்டால் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அதை அனுப்புவாள். பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலி அவளுடையது. ஓட்டுநர்கள் "கன்ட்ரோல், கன்ட்ரோல்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அது அவள் பெயராகிவிட்டது. "வீட்டுக்கும் அதுதான் பொருத்தம்" என்று கணவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது.

அந்தக் கன்ட்ரோலுக்குத்தான் ரெகே பைத்தியம்.

பதிமூன்று வயதில் பிடித்தது. பக்கத்து வீட்டு வெல்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தூரத்துத் தீவு ஒன்றில் பிறந்த அந்த இசையைப் போட்டுக் கேட்பார். சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது பேஸ் கிட்டாரின் கனத்த ஒலி மட்டும். ராகம் வரவில்லை, வார்த்தை வரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் யாரோ நிதானமாக நடந்து போவது போல இருக்கும். நடுநடுவே ஒரு காலை வைக்காமல் விட்டுவிட்டு நடக்கிற நடை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு போய்க் கதவைத் தட்டினாள். "மாமா, அதுக்கு மேல என்ன பாடறாங்க?"

வெல்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கேசட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வானொலிக்குப் போனதும் அதே மாதிரி தட்டித்தான். உள்ளூர் நிலையத்தில் வாரம் ஒருமுறை வெளிநாட்டு இசை போடுவார்கள். அறிவிப்பாளர் ரெகே பாடகர்களின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்வார். அவள் வாராவாரம் போன் போட்டுத் திருத்துவாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நிலைய மேலாளர் ஒருநாள், "வாராவாரம் போனுக்கு எதுக்கு வீண்செலவு? நீங்களே வந்து உட்காருங்களேன்" என்றார். கோபத்தில் சொன்னாரோ, கேலியாகச் சொன்னாரோ, அவள் மறுநாளே போய் நின்றுவிட்டாள். ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரம் கிடைத்தது. பழைய சாமான் அறைதான் ஸ்டுடியோ. சோபா தைக்கிறவரான அவள் கணவர், கடையில் மிஞ்சிய ஃபோம் துண்டுகளை எல்லாம் கொண்டுவந்து சுவரில் ஒட்டி எதிரொலியை அடக்கிக் கொடுத்தார்.

"உங்களுக்குத்தான் இந்தப் பாட்டே பிடிக்காதே" என்றாள் அவள், ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"பிடிக்காதுன்னு யார் சொன்னது? எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னுதான் சொன்னேன்."

நிகழ்ச்சியைக் கேட்ட வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதச் சொன்னார். அரைப் பக்கம். ஒரு வாரம் ஒரு பாட்டு, அதன் பின்னால் இருக்கும் கதை. டாக்ஸி அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே, கிடைத்த தாளின் பின்பக்கத்தில் எழுதிவிடுவாள்.

இப்போது மூன்றாவதாக ஒரு கிறுக்குத்தனம். கச்சேரி ஏற்பாடு. அதற்குக் காரணம் சிஸ்டர்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்கு மிகவும் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, "இதைப் பாடிய அம்மையார் இன்று நம்மிடையே இல்லை" என்று நெகிழ்ந்து பேசினாள். இசைத்தட்டின் உறையிலேயே அப்படித்தான் அச்சாகியிருந்தது. பாட்டு முடிவதற்குள் நிலையத்துக்குப் போன் வந்தது. வயதான ஒரு பெண் குரல்.

"அந்தம்மா மறைஞ்சுட்டாங்கன்னு சொன்னீங்களே, எப்போ?"

"சரியா தெரியலைங்க. ரொம்ப வருஷம் ஆகுதுன்னு நினைக்கிறேன்."

"அப்படியா? எனக்கு யாருமே சொல்லலையே!"

ரெகே பிறந்த அந்தத் தீவில் இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டு, மறு வாரமே நர்ஸ் படிப்புக்காக இந்த ஊருக்கு வந்துவிட்டவர் அவர். இசைத்தட்டு வெளியானதே அவர் கிளம்பிய பிறகுதான். அது கடல் கடந்து எங்கெங்கோ போனது. அவர் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, நாலு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் குடியிருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். இன்றைக்கும் தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

ஒரு தடவையாவது இவரை மேடையில் பாட வைக்காமல் விடுவதில்லை என்று கன்ட்ரோல் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அந்த நாள் இதோ விடிந்துவிட்டது.

காலை டீயை வாயில் வைக்கும்போது போன் அடித்தது. இன்று சாயங்காலம் அவளுக்குப் பதிலாகக் கன்ட்ரோல் அறையில் உட்காருவதாக ஒப்புக்கொண்ட ஆள்.

"அக்கா, கடைவாய்ப் பல்லு. ராத்திரி பூரா தூங்கல. இப்போ பிடுங்கிட்டாங்க. வாய் முழுக்கப் பஞ்சு வெச்சிருக்கு."

வாய் முழுக்கப் பஞ்சு என்பது அவன் பேச்சிலேயே தெரிந்தது. திட்டவும் மனம் வரவில்லை. "சரி தம்பி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டாள்.

முதலாளி அதிகம் பேசாதவர். பத்தொன்பது வருடத்தில் அவர் அவளைப் பாராட்டியதும் இல்லை, அநாவசியமாகக் கடிந்துகொண்டதும் இல்லை. முழுதும் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை சாயங்காலம் மைக்குல ஆள் இல்லாம வண்டி ஓட்ட முடியாதும்மா" என்றார்.

"தெரியும் சார்."

"யாராவது உட்காரணும். யாருங்கறது உன் பாடு."

போனை வைத்தாள். அரங்கம் எடுத்தாயிற்று, சுவரொட்டி ஒட்டியாயிற்று, வாத்தியக்காரப் பிள்ளைகள் நாலு பேரும் சிஸ்டரின் பாட்டோடு வேறு சில பழைய ரெகே பாட்டுகளையும் அவரோடு ஒரு மாதமாகப் பழகியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே சிஸ்டர். 'நீ பக்கத்துல இருந்தா பாடறேன்' என்ற ஒரே நிபந்தனையில்தான் அவர் ஒத்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் உட்காரட்டுமா?" என்றார் கணவர்.

"உங்களுக்குக் கிழக்கு எது மேற்கு எதுன்னே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போறவங்களைச் சுடுகாட்டுல இறக்கிவிடுவீங்க."

அப்போதுதான் அந்தக் கதவு திறந்தது.

மகள் தலையை வாரிக்கொண்டே வெளியே வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அம்மாவை நேராகப் பார்த்தாள். "நான் போறேன்."

"எங்கே?"

"கன்ட்ரோல் ரூமுக்கு. படிக்கும்போது ரெண்டு லீவுல உன்கூடவே உட்கார்ந்திருக்கேனே. வண்டி நம்பர் எல்லாம் தெரியும்."

வாசலில் வந்த உதவியை வாங்கிக்கொள்ளாமல் கன்ட்ரோல் அதைப் புரட்டிப் பார்த்தாள். அம்மாக்கள் அப்படித்தான். "இதுக்குப் பதிலா கப்பலுக்கு விடணும்னு கேப்பே."

மகளின் முகம் சட்டென்று சிவந்தது. "கேக்க மாட்டேன். அது வேற, இது வேற. சிஸ்டர் பாடணும்மா, அவ்வளவுதான்." சீப்பை மேஜையில் வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் ஒண்ணும் பேரம் பேசலைன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

அப்பா இந்த முறை சம்பளம் கேட்கவில்லை. "காதுல விழுந்துருச்சும்மா அவளுக்கு" என்றார் மெதுவாக.

கன்ட்ரோலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "போறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டுப் போ" என்பதுதான் வெளியே வந்தது.

*

அச்சகத் தொழிலாளர் சங்கத்தின் பழைய அரங்கம். மர மேடை, இரும்பு நாற்காலிகள், சுவரில் எப்போதோ நின்றுபோன கடிகாரம். சாயங்காலம் ஐந்து மணிக்கே வாத்தியக்காரப் பிள்ளைகள் ஒலிபெருக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் டிக்கெட் மேஜையில் கணவர். பளிச்சென்று தேய்த்த சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.

ஆட்கள் வந்தார்கள்தான். ஆனால் வரிசை வரிசையாக வரவில்லை; ஒன்றும் இரண்டுமாக வந்தார்கள். ஞாயிறு நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கும் பேருந்து நடத்துனர், பத்திரிகைக்காரர், கண் ஆஸ்பத்திரியிலிருந்து நாலைந்து நர்சுகள், பழைய வெல்டரின் மகன். ஆரம்பிக்கிற நேரம் நெருங்கியும் பாதிக்கு மேல் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அவளுடைய பெரிய ரசிகர்களே டாக்ஸி ஓட்டுநர்கள்தான். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் எப்படி வருவார்கள்? எல்லோரும் சாலையில் இருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன சமையலறையில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். நீல கவுன், வெள்ளைக் கான்வாஸ் ஷூ. வார்டில் நடந்து பழகிய ஷூவையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். கைகள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

"என்னால முடியாதும்மா" என்றார்.

கன்ட்ரோல் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் தியேட்டர்ல நின்னிருக்கேன். கை நடுங்கினதில்ல. ஆனா ஆளுங்க முன்னாடி நான் பாடினதே கிடையாதே! அன்னிக்கு அந்த ரூம்ல நாங்க ஆறு பேர்தான் இருந்தோம். கண்ணை மூடிட்டு ஒரே மூச்சுல பாடினேன், வெளியே வந்தேன், பஸ்ஸைப் பிடிச்சேன். அவ்வளவுதான் என் சங்கீதம்."

தைரியம் சொல்வதற்கு என்று கன்ட்ரோல் நிறைய யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வேறு எதுவோ வாய்க்கு வந்தது.

"சிஸ்டர், என் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ வயித்து வலியில ஒரே அழுகை. நாங்க புதுசா குடித்தனம் வந்திருக்கோம், கேக்கறதுக்குப் பெரியவங்க யாரும் பக்கத்துல இல்ல. எதைப் பண்ணியும் நிறுத்தல. ஒருநாள் அசதியில உங்க பாட்டைப் போட்டேன். அந்த பேஸ் ஆரம்பிச்சதும் நிறுத்தினா. நீங்க பாட ஆரம்பிச்சதும் தூங்கினா. அப்புறம் மூணு மாசம் எங்க வீட்டுல வேற பாட்டே கிடையாது. அவங்கப்பா தோள்ல போட்டுட்டு அந்த நடைக்கே நடப்பார். உங்களை ஒருநாள் நேர்ல பார்த்தா நன்றி சொல்லணும்னு நினைச்சுப்பேன். அப்புறம் அட்டையில நீங்க செத்துட்டீங்கன்னு போட்டிருந்துச்சா, யாருக்குச் சொல்றதுன்னு தெரியல."

சிஸ்டர் மடியில் இறுக்கிப் பிடித்திருந்த கைகளைப் பிரித்தார்.

"குழந்தையைக் குப்புற வெச்சுத் தோள்ல போட்டாரா, நிமிர்த்தியா?"

"குப்புறதான்."

"அப்போ வாயு பிரிஞ்சிருக்கும். பாதி அதனாலதான் தூங்கியிருக்கு" என்றார் சிஸ்டர், நர்ஸ் குரலில். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மீதிப் பாதியை நான் எடுத்துக்கறேன்."

அந்த நேரம் பார்த்து கணவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவில் இடித்துக்கொண்டே உள்ளே வந்தார். சிஸ்டருக்கு முழங்கால் வலி, நின்றுகொண்டு பாட முடியாது என்று தெரிந்த நாளிலிருந்து கடையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கரும்பச்சை வெல்வெட், அகலமான கைப்பிடி, பக்கவாட்டில் ஒரு பை.

"உட்கார்ந்து பாருங்கம்மா. உயரம் சரியா இல்லைன்னா இப்பவே குறைச்சுடலாம்."

சிஸ்டர் உட்கார்ந்தார். பாதம் தரையில் படிந்தது, முதுகு சாய்ந்தது. ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது.

"இந்தப் பை எதுக்கு?" என்று கேட்டாள் கன்ட்ரோல்.

"கண்ணாடி, தண்ணி பாட்டில், எதையாவது வெச்சுக்கத்தான்" என்றார் கணவர், அவள் பக்கம் பார்க்காமல்.

"இதை மேடைக்குக் கொண்டுபோங்க" என்றார் சிஸ்டர். "நானும் இதோட வரேன்."

*

யாராவது மேடையேறி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது தன் தலையில்தான் விடியும் என்பதைக் கன்ட்ரோல் கடைசி நிமிஷம் வரை யோசிக்கவே இல்லை.

மைக் அவளுக்குப் பழக்கம்தான். எதிரே மனிதர்கள் இருப்பதுதான் பழக்கமில்லை. கன்ட்ரோல் அறையில் எதிரே வரைபடம், ஸ்டுடியோவில் எதிரே ஃபோம் ஒட்டிய சுவர். இங்கே முகங்கள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள். "கொஞ்சம் திரும்பி நின்னு பேசிக்கறேன்."

முன் வரிசையில் சிரிப்பு. அவள் உண்மையாகவே பக்கவாட்டில் திரும்பி, காலியாக இருந்த பச்சை நாற்காலியைப் பார்த்துப் பேசினாள்.

"இவங்களைப் பத்தி எழுதினேன், பேசினேன். இன்னிக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நன்றி மட்டும் இருக்கு. வெல்டர் மாமா இன்னிக்கு இல்ல, அவருக்கு ஒண்ணு. போன் பண்ணித் தொந்தரவு பண்ணினவளை உள்ளே கூப்பிட்ட நிலையத்துக்கு ஒண்ணு. பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டே எனக்காகச் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டினவருக்கு ஒண்ணு." குரல் லேசாகப் பிசிறியது. "எனக்குப் பதிலா இப்போ என் நாற்காலியில உட்கார்ந்திருக்கற என் பொண்ணுக்கு ஒண்ணு. அவகிட்ட நேர்ல சொல்லத் தெரியல, அதான் இங்கே சொல்றேன். சிஸ்டர், வாங்க."

சிஸ்டர் வந்தார். உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பேஸ் கிட்டார் ஆரம்பித்தது. தாளக்காரப் பையன் முதல் அடியை விட்டுவிட்டு மூன்றாவதில் இறங்கினான். கிட்டார் இடையிடையே சக், சக் என்று வெட்டியது. முதல் இரண்டு வரிகள் நடுங்கின. குரல் இசைத்தட்டில் இருந்த இருபத்திரண்டு வயதுக் குரல் இல்லை. கனத்திருந்தது, ஓரங்களில் தேய்ந்திருந்தது. மூன்றாவது வரியில் அவர் கண்ணைத் திறந்தார். நோயாளிக்குக் கட்டுப் பிரிக்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் போட்டுப் பாடினார்.

கன்ட்ரோல் மேடையோரத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறோம் என்பதே கன்னம் ஈரமான பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது பாட்டின்போது வாசல் கதவு திறந்தது. யாரோ நாலு பேர். மூடுவதற்குள் இன்னும் மூன்று பேர். தாமதமாக வந்தவர்கள் என்று நினைத்தாள். கதவு மறுபடியும் திறந்தது. கையில் பயணப் பையோடு ஒருவர். காய்கறிப் பையோடு ஒரு பெண். நாற்காலிகள் நிரம்ப ஆரம்பித்தன. டிக்கெட் மேஜையில் கணவர் திக்குமுக்காடினார்.

என்ன இது என்று ஓரமாக நடந்து வாசலுக்குப் போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரு நெடுகக் கம்பெனி டாக்ஸிகள். ஒன்றன் பின்னால் ஒன்றாக விளக்கு எரிய நின்றன. முப்பத்தொன்றாம் நம்பர் ஓட்டுநர் பயணிகள் இறங்கக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொண்ணு! நீ இப்போ ரயிலடியில இருக்கணுமே! என்ன ஆச்சு, ஏதாவது விபத்தா?"

"விபத்தெல்லாம் இல்ல கன்ட்ரோல்." அவர் முகமெல்லாம் பல். "இவங்க ரெண்டு பேரும் சினிமாவுக்குக் கிளம்பினாங்க. வண்டியில பாட்டைக் கேட்டதும், இது எங்கே நடக்குது, அங்கேயே விடுங்க, படம் நாளைக்கும் ஓடும்னுட்டாங்க."

"எந்தப் பாட்டை?"

"சிஸ்டர் பாடறதைத்தான். பாப்பா மைக்கைத் திறந்து வெச்சிருக்கு. எல்லா வண்டியிலயும் அவங்கதான் பாடிட்டிருக்காங்க. ஒரு பாட்டு முடிஞ்சதும் கடகடன்னு வண்டிங்களை அனுப்புது, அடுத்த பாட்டுக்கு மறுபடி திறக்குது. வாளிக்குள்ள இருந்து பாடற மாதிரிதான் கேக்குது, ஆனாலும் என்ன குரல்!"

"இங்கே பாடறது அங்கே எப்படிப் போச்சு?"

கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி மேடையைப் பார்த்தாள். பச்சை நாற்காலியின் பக்கவாட்டுப் பையில் கண்ணாடியும் இல்லை, தண்ணீர் பாட்டிலும் இல்லை. கணவருடைய போனின் மேல்முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கணவரைப் பார்த்தாள். அவர் மும்முரமாக டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"காலையில கிளம்பறப்போ அவதான் கேட்டா" என்றார், தலை நிமிராமல். "ஓட்டறவங்களும் கேக்கட்டும்பான்னா. அவளுக்குப் போன் போட்டு உள்ளே வெச்சுட்டேன். ஒரு பை தைக்கறது எனக்கு என்ன பெரிய வேலையா?"

*

இடைவேளை விட்டார்கள். உள்ளே நிற்க இடமில்லை. நர்சுகள் சிஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். கன்ட்ரோல் தன் போனை எடுத்துக்கொண்டு அரங்கத்தின் பக்கச் சந்துக்குப் போய்க் கம்பெனி எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம், டாக்ஸி சர்வீஸ்" என்றாள் மகள். தன் குரலேதான். அதே இழுப்பு, அதே வேகம்.

"நான்தான்."

"திட்டப்போறியா?"

"திட்டறதுக்குத்தான் போட்டேன். இப்போ வார்த்தை வரமாட்டேங்குது." சுவரில் சாய்ந்துகொண்டாள். "அரங்கம் நிறைஞ்சு வழியுதுடி. வாசல்ல நின்னு கேக்கறாங்க. எல்லாம் உன்னாலதான்."

"நீ மேடையில பேசினதும் கேட்டுச்சு" என்றாள் மகள். "எனக்கு மட்டுமில்ல. எல்லா வண்டிக்கும்."

"ஐயையோ."

"நாற்பத்திரண்டு அழுதுட்டாராம். வண்டியை ஓரமா நிறுத்திட்டார்."

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரு வாரத்துச் சிரிப்பு சேர்ந்து வந்தது. சிரித்து முடித்ததும் கன்ட்ரோல் சொன்னாள், "போயிட்டு வா பாப்பா."

"எங்கே?"

"கப்பலுக்கு. எனக்குப் பிடிக்கல. நீ ஏறின அன்னிக்கு நான் ஒரு வாய் சாப்பிட மாட்டேன், அதையும் இப்பவே சொல்லிடறேன். ஆனா போ. சிஸ்டர் இருபத்திரண்டு வயசுல கிளம்பி வந்தாங்க. அவங்கம்மாவும் கரையில நின்னிருப்பாங்க இல்ல? அந்தம்மா விட்டதாலதானே இன்னிக்கு இவங்க எனக்குக் கிடைச்சாங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு, "அம்மா, ஒரு நிமிஷம்" என்று மகள் அவசரமாகச் சொன்னாள். குரல் மாறியிருந்தது. "அம்மா... முதலாளி வந்து நிக்கறார். எவ்வளவு நேரமா நிக்கறார்னு தெரியல. பாட்டு எங்கிருந்து வருதுன்னு கேட்டார், நாற்காலிப் பையைப் பத்திச் சொல்லிட்டேன். போனைக் கேக்கறார்."

கன்ட்ரோல் நிமிர்ந்து நின்றாள். சேலை நுனியைச் சரிசெய்துகொண்டாள், அவர் பார்க்கிற மாதிரி.

"சார்" என்றாள். "தப்பு என்னுதுதான். பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க."

பின்னணியில் கம்பெனிப் போன் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வாங்க" என்றார் முதலாளி. "மூணு பேரும்."

"மூணு பேரா சார்? நானும் என் பொண்ணும்..."

"அந்த நாற்காலியைச் செஞ்ச ஆளும்தான்."

வைத்துவிட்டார்.

பத்தொன்பது வருடம் போனில் விதவிதமான குரல்களைக் கேட்டவள் அவள். குடித்திருக்கிறானா, தூக்கக் கலக்கமா, சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்று முதல் சொல்லிலேயே சொல்லிவிடுவாள். இந்தக் குரலில் கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் துளியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளே மறுபடியும் பேஸ் ஆரம்பித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கணவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்று, "என்னவாம்? பேசிட்டாளா?" என்று கிசுகிசுத்தார்.

"பேசிட்டா. அவளை அனுப்பலாம்னு சொல்லிட்டேன்."

அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கை.

நாளைக் காலை முதலாளி மூன்று பேரையும் கூப்பிட்டிருக்கும் செய்தி இன்னும் பாக்கி இருந்தது. சிஸ்டர் பாட ஆரம்பித்தார். மனிதர் நிம்மதியாக ஒரு பாட்டு கேட்கட்டும், முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் பேசாமல் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.